அப்பாவின் பிஸ்டலும் இறுகிப்போன சேஃப்டியும்

அப்பாவின் பிஸ்டலில் சேஃப்டியை, அதாவது விசையை இழுத்தாலும் சுடாமல் தடுக்கும் பூட்டை, மேலே தள்ளிப் போட இரண்டு கட்டைவிரல் வேண்டும். சின்ன வயதில் நான் பார்த்தது அப்படித்தான். வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கட்டைவிரலை வலது விரலின் மேல் வைத்து அழுத்துவார், தாடை இறுகும், அப்புறம் டக் என்று ஏறும். வயதாகி விரல் மூட்டெல்லாம் வீங்க ஆரம்பித்த பிறகு அதைத் தொடுவதையே விட்டுவிட்டார் போல. எங்களுக்கு அது தெரியாது.

தெரிய வந்தது அவர் இறந்த பிறகுதான். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும், 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. குமரி மாவட்டத்துக் குலசேகரத்திலிருந்து பைக்குள் வைத்துக் காரில் கொண்டுபோனேன். கடையில் இருந்த மூத்தவர் அதை வாங்கி, தோட்டாக்கள் இருக்கும் மேகசினை உருவிவிட்டு, மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்தார். ஒரு தோட்டா துள்ளி விழுந்து கண்ணாடி மேசையில் உருண்டது. சேஃப்டி கீழேதான் இருந்தது, அதாவது போடப்படவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, அந்தத் தோட்டாவை எடுத்து என் முன்னால் நிற்க வைத்தார், அவ்வளவுதான். அந்த வண்டியில் பின்சீட்டில் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

பிடியின் பின்பக்கம் கை அழுத்தினால்தான் சுடும் இன்னொரு காப்பும் அதில் உண்டு என்பது உண்மை. ஆனாலும் அன்று வந்த வெப்ராளம் இன்றும் போகவில்லை. அப்பா கவனக்குறைவான மனிதர் இல்லை. ரப்பர் தோட்டத்து வீட்டில் வெட்டுக்காரர்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் வைத்திருந்த காலத்தில் வாங்கிய லைசென்ஸ் அது, புதுப்பிக்க ஒரு நாள் தவறியதில்லை. சேஃப்டி இறுகியிருந்தது, விரலில் பலம் இல்லை, அதனால் போடாமல் விட்டார். இறுகிப்போன சேஃப்டியை நான் சாதாரணக் குறையாக நினைக்காததற்கு அதுதான் காரணம். போடக் கஷ்டமாக இருந்தால் மனிதர் போடமாட்டார்.

பிஸ்டல் கோல்ட் கம்பெனியின் 1903 மாடல், .32 தோட்டா. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, தோட்டாவும் அவருடையதுதான், 1899ல் வந்தது. லைசென்ஸ் என் பெயருக்கு மாறி பிஸ்டல் கைக்கு வந்தபோதே சரிசெய்திருக்க வேண்டும், செய்யவில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்காக, லைசென்ஸ் வைத்திருக்கும் மற்றவர்களைப் போல நானும் பிஸ்டலைக் கடையில் ஒப்படைத்தேன். ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை எல்லாம் முடிந்து திரும்ப வாங்கும்போது இங்கே மழை பிடித்துவிட்டது. தென்மேற்குக்கும் நனைந்து வடகிழக்குக்கும் நனையும் மாவட்டம் நம்முடையது, பேச்சிப்பாறைப் பக்கம் சுவரே வியர்க்கும். அப்பா தோல் உறையிலேயே போட்டு வைப்பார், நானும் அப்படியே செய்திருந்தேன். சேஃப்டி இப்போது இரண்டு கட்டைவிரலுக்கும் அசையவில்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பிளையரால் பிடித்துத் தள்ளச் சொன்னார். இன்னொருவர் புளி போட்டுத் தேய்த்தால் துரு போகும் என்றார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், புளிப்பான எதுவும் இரும்பின் மேல் உள்ள அந்தக் கருநீலப் பூச்சைத் தின்றுவிடும், பிறகு வெறும் இரும்பு நம் ஊர்க் காற்றில் ஒரு வாரம் தாங்காது. அரத்தால் கொஞ்சம் ராவினால் போதும் என்றவரும் உண்டு. நல்லவேளை, நான் கடை மூத்தவரிடம் கேட்டேன்.

"மக்ளே, அரத்த மட்டும் எடுத்திராத கேட்டியா. அழுக்கா துருவான்னு பாக்காம ராவுனா, பொறவு சேஃப்டி தானா விழும். இறுகினதவிட அது மோசம்."

அவர் விளக்கியது இது. வெளியே நாம் தள்ளும் நாக்கு மட்டும் சேஃப்டி இல்லை. அதற்கு ஒரு அச்சு உண்டு, அது பிஸ்டல் உடம்பில் ஒரு துளைக்குள் உட்கார்ந்து திரும்புகிறது. உள்ளே ஒரு கை நீண்டிருக்கும். விசையை இழுத்ததும் அடித்துச் சுட வைக்கும் சுத்தியல்தான் ஹேமர், அதைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற சின்னக் கொக்கி நகராதபடி அந்தக் கைதான் தடுக்கிறது. இறுக்கம் வருவது பெரும்பாலும் அச்சிலும் வெளிப்பக்கத்திலும். ஆனால் ராவத் தெரியாதவர் கை வைப்பது உள்ளே உள்ள அந்த முகத்தில். அங்கே ஒரு மயிரிழை தேய்ந்தாலும் சேஃப்டி போட்டபடியே இருக்கும், கொக்கியோ நகரும்.

இன்னொன்றும் சொன்னார், இது பலருக்குத் தெரியாது. ஹேமர் ஏறாத (பின்னால் இழுபட்டு நிற்காத) நிலையில் இந்த வகைப் பிஸ்டலில் சேஃப்டி மேலே போகவே போகாது, பிரௌனிங்கின் 1911 பிஸ்டலும் அப்படித்தான். அது பழுது இல்லை, அமைப்பே அது. அந்த நிலையில் போட்டு நெம்பித்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள்.

வீட்டில் நானே செய்தது சுத்தம் மட்டும். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, சுடும் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பார்த்தேன். மேகசின் வெளியே வந்துவிட்டால் பிஸ்டல் காலி என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கண்ணாடி மேசையில் உருண்ட தோட்டாவைத்தான் காட்ட வேண்டும். தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டிய அலமாரியில்.

அப்புறம் பிடியின் மரப்பட்டைகள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பழைய பட்டை உடைந்துபோனதால் அப்பா எப்போதோ ஒரு ஆசாரியிடம் கொடுத்து ஈட்டி மரத்தில் புதிதாகச் செய்து வாங்கியிருந்தார், அழகான வேலை. திருகாணிப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் (சின்னதைப் போட்டால் பள்ளம் சிதைந்துவிடும்) இடது பட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மேல் விளிம்பில், சேஃப்டி நாக்கு உரசும் இடத்தில், பிறை மாதிரி ஒரு கோடு பளபளவென்று தேய்ந்து கிடந்தது. மரம் ஒரு நூல் தடிமன் கூடுதல். மழைக்காலத்தில் ஊதி, நாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பட்டை இல்லாமல் தள்ளிப் பார்த்தேன், கஷ்டப்பட்டு அசைந்தது! பாதி இறுக்கம் இரும்பிலேயே இல்லை.

மீதிப் பாதிக்கும் அந்த மரம்தான் காரணம் என்று பிறகு புரிந்தது. மரத்துக்குப் பளபளப்பு வர வருடா வருடம் அப்பா ஆளி விதை எண்ணெய் பூசுவார். அது காற்றுப்பட்டால் உலர்ந்து இறுகும் எண்ணெய், மரத்துக்கு நல்லது, அதனால்தானே பூசுகிறோம். ஆனால் வழிந்து அச்சுத் துளைக்குள் போனால் அங்கேயும் அதே மாதிரி இறுகும். நாக்கின் அடியில் பழைய வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக ஒரு வளையம் கட்டியிருந்தது.

மண்ணெண்ணெயை இரண்டு சொட்டு அச்சைச் சுற்றி விட்டு ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் தென்னை ஈர்க்குச்சியைக் கூராகச் சீவி, அந்த இடுக்கில் மெல்லச் சுரண்டினேன். ஈர்க்கு இரும்பில் கீறல் போடாது, ஊசியோ குண்டூசியோ போடும். துடைத்த துணியில் முதலில் பழுப்பு, பிறகு செம்பழுப்பு வந்தது. பழுப்பு எண்ணெய்ப் பிசின், சிவப்பு துரு. மூன்று நாள் இப்படியே, சொட்டு விட்டு, அசைத்து, துடைத்து. மூன்றாம் நாள் ஒரே கட்டைவிரலுக்கு அசைந்தது, ஆனால் நடுவில் ஒரு இடத்தில் மணல் நெரிவதுபோல ஒரு கரகரப்பு.

அதோடு நிறுத்திக்கொண்டேன். துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும், சட்டத்தின் 5ஆம் பிரிவு. துடைத்து எண்ணெய் விடுவது சொந்தக்காரரின் வேலை, உள்ளே பிரித்து உலோகத்தில் கை வைப்பது அவர்கள் வேலை. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை, உள்ளே உள்ள தட்டை ஸ்பிரிங்கை ஒருமுறை தப்பாக வளைத்தால் நூறு வயதை எட்டும் பிஸ்டலுக்கு மாற்று எங்கே கிடைக்கும்?

மூத்தவர் அச்சைக் கழற்றிக் காட்டினார். ஒரு இடத்தில் கடுகளவு துருக்குழி. நைசான எமரித்தாளில் எண்ணெய் தொட்டு அந்த உருண்டை அச்சை மட்டும் நாலு சுற்றுச் சுற்றினார், உள்ளே இருக்கும் கையின் முகத்தைத் துணியால் மூடி வைத்துக்கொண்டுதான் செய்தார். பத்து நிமிடம் ஆகவில்லை.

மாட்டியதும் சோதனை. காலிப் பிஸ்டல், ஹேமர் ஏற்றி, சேஃப்டி போட்டு, பிடியைச் சுடுவதுபோல இறுக்கிப் பிடித்து, ஹேமர் விழுகிறதா என்று விசையை அழுத்தமாக இழுத்தார். விழவில்லை. விசையை விட்டுவிட்டு, சேஃப்டியைக் கீழே இறக்கினார், இறக்கும்போது ஹேமர் தானாக விழுகிறதா என்று காத்திருந்தார். விழவில்லை. மறுபடி விசை, இப்போது டிக். இதை என் கையால் ஐந்து முறை செய்ய வைத்தார். நடுவில் உள்ள சோதனையைப் பலர் விட்டுவிடுவார்கள் என்றார், சேஃப்டி போட்டிருக்கும்போது கொக்கி கொஞ்சம் நகர்ந்திருந்தால் அதில்தான் தெரியும்.

இப்போது ஒரு கட்டைவிரலுக்கு ஏறுகிறது, ஆனால் தொட்டவுடன் விழும் தளர்ச்சி இல்லை, ஏறும்போது நகம் வரை ஒரு கிளிக் தெரிகிறது. தோல் உறையை எடுத்துவிட்டேன், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மெல்லிய எண்ணெய்த் துணியில் சுற்றி, பூட்டிய பெட்டியில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு. மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்து சேம்பர் பார்த்து, துடைத்து, சேஃப்டியை அசைத்துப் பார்த்து வைக்கிறேன்.

ஈட்டிப் பட்டையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. உரசும் விளிம்பை மட்டும் ஒரு நூல் இழைத்துத் தரச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன், பட்டையை மட்டும்தான், பிஸ்டலை இல்லை. இந்த முறை பட்டையைக் கழற்றி வைத்தே எண்ணெய் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுவேன்.