நான்காவது வால்வு

எங்கள் எம்ஜிபி ஜிடி காருக்கு நேற்று டேப்பட் பார்த்தேன், அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே உள்ள இடைவெளியை. 1970-இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்த கார், 1798 சிசி இஞ்சின். ராத்திரி முழுக்க ஆறவிட்டிருந்தேன். ஆறிய நிலையில் எட்டு வால்வுக்கும் ஒரே இடைவெளிதான்: அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. பட்டறையில் 15 தௌ என்பார்கள், மில்லிமீட்டரில் 0.38.

நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு நாலாவது கியரில் போட்டுத் தள்ளினால் இஞ்சின் லேசாகச் சுற்றும். நான் தள்ள, மகள் ராக்கர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்துப்பா, எட்டு முழுசா இறங்கிடுச்சு."

எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருந்தால் ஒன்றாவதின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஏழு திறந்திருந்தால் இரண்டை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும், மறக்கவே மறக்காது.

ஐந்து திறந்தபோதுதான் திக்கென்றது. நான்கில் 15 தௌ கனமுள்ள அளவுத் தகடு நுழையவில்லை. 12-ம் நுழையவில்லை. 10தான் போனது. போன வருஷம் நானே 15 வைத்த வால்வு.

நான்கும் ஐந்தும் நடுவில் இருக்கும் எக்ஸாஸ்ட் வால்வுகள். இரண்டுக்கும் புகை வெளியேற ஒரே வழி, அதனால் சூடு அதிகம். வால்வுகள் இருக்கும் இஞ்சின் மேல்பகுதிதான் ஹெட். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தைப் (சீட்) பெட்ரோலில் இருந்த ஈயம் காப்பாற்றி வந்தது. 2000-இல் இருந்து பிரிட்டனில் பெட்ரோல் பங்க்குகளில் பொதுவாக ஈயப் பெட்ரோல் கிடையாது. அந்த இடம் தேயத் தேய வால்வு உள்ளே போகிறது, தண்டு மேலே ஏறுகிறது, இடைவெளி சுருங்குகிறது. முழுக்கச் சுருங்கினால் வால்வு சரியாக மூடாது. மூடாத வால்வு தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுக்க முடியாமல் விளிம்பு கருகிவிடும். இதெல்லாம் சத்தமே இல்லாமல் நடக்கும். டேப்பட் சத்தம் வருவது இடைவெளி கூடினால்தான். அதனால் பழைய இஞ்சின் திடீரென்று அமைதியானால் நான் சந்தோஷப்பட மாட்டேன், மேல்மூடியைக் கழற்றிப் பார்ப்பேன்.

அரை அங்குல ஸ்பானரால் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பி 15-க்குக் கொண்டுவந்தேன். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் சுற்றும், அதை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பார்க்க வேண்டும். புது ரூபாய்க் கட்டிலிருந்து ஒரு நோட்டை உருவும்போது விரலில் ஒரு பிடிப்பு தெரியுமே, அந்த அளவு போதும்.

ஆறாவதில் ராக்கர் நுனி குழிந்திருக்கிறது. தகடு குழிக்கு மேல் பாலம் போலக் கிடப்பதால் 15 என்று காட்டினாலும் உண்மையில் இடைவெளி அதைவிட அதிகம். ராக்கரை மாற்றும்வரை அது தட்டிக்கொண்டுதான் இருக்கும்.

புது கார்க் கேஸ்கெட் வைத்து மூடினேன். 500 மைல் ஓட்டிவிட்டு நான்கை மறுபடி பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். மறுபடி சுருங்கியிருந்தால் ஹெட்டை இறக்கி, ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்கும் கெட்டியான சீட் போட்டே ஆக வேண்டும்.

ஸ்டார்ட் செய்ததும் மகள் காதைச் சாய்த்தாள்.

"இன்னும் டிக் டிக்குன்னு கேக்குதேப்பா."

"அது ஆறாவதும்மா. கேக்கட்டும்."