44 படி: ஸ்டேஷன் நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

எங்கள் ஸ்டேஷனுக்கு லிஃப்ட் வரப்போகிறது என்று நாலு வருடமாகப் பேச்சு. இந்த முறை நிஜம் போலிருக்கிறது. போன வாரம் பொறியாளர் ஒருவர் நலச் சங்கத்துக்கே வந்தார். "மாற்றுத்திறனாளிகள், வயசானவங்களுக்கு என்னென்ன வேணும்னு உங்க ஏரியா ஜனங்களைக் கேட்டு எழுதிக் கொடுங்க மேடம். மார்ச் முதல் வாரத்துக்குள்ள வந்தா பிளான்ல சேர்க்கப் பார்க்கலாம்" என்றார். வேலை முடிந்த பிறகு ரிப்பன் வெட்டக் கூப்பிடுவார்கள். ஆரம்பிக்கும் முன்னால் வந்து கேட்டது எனக்குத் தெரிந்து இதுவே முதல் தடவை. சங்கத்தில் மற்றவர்களுக்கு நேரமில்லை. ரிட்டையர் ஆன நான் சிக்கினேன்.

இன்று கூட்டம். 31 பேர் வந்தார்கள். பைக் நிறுத்த இடம், தெருநாய், பூட்டியே கிடக்கும் கழிப்பறை என்று ஒன்றரை மணி நேரம் ஓடியது. ஊன்றுகோலோடு ஒருவர்கூட வரவில்லையே என்று திரும்பி வரும்போதுதான் உறைத்தது. கூட்டம் நடந்தது கல்யாண மண்டபத்தின் முதல் மாடியில். ஏறுவதற்கு 22 படி. வாடகை இல்லை என்று அந்த ஹாலைப் பிடித்தது நான்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பாலத்தில் 44 படி. ஒரு படி 15 செ.மீ. உயரம். ஆக மொத்தம் 6.6 மீட்டர். மின்கம்பிக்கு மேலே போகிற பாலம், இந்த உயரம் இல்லாமல் முடியாது.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 என்ற சரிவில் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். ஒரு அடி ஏற 12 அடி நீளம். அந்தக் கணக்கில் இந்தப் பாலத்துக்குச் சாய்தளம் போட்டால் 79 மீட்டர் வரும், நடுவில் நின்று இளைப்பாறும் இடங்கள் தனி. கிட்டத்தட்ட நாலு ரயில் பெட்டி நீளம். "லிஃப்ட் எதுக்கு, சரிவா ஒரு பாதை போட்டாப் போதாதா" என்று கூட்டத்தில் கேட்டவருக்கு இதைக் காட்ட வேண்டும்.

1931லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்த சென்னை கடற்கரை-தாம்பரம் பாதை இது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பாலத்தில் ஏறியதே இல்லை. பக்கத்தில் கேட் இருந்தது. கேட்மேன் திறந்ததும் மாடு, சைக்கிள், பாட்டிகள் எல்லாம் ஒன்றாக அந்தப் பக்கம் போவோம். கேட்டை மூடிவிட்டார்கள். அது நியாயமும்கூட, அங்கே நடந்த விபத்துகள் கொஞ்சமில்லை. ஆனால் கேட்டோடு சமதரையும் போய்விட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நுழைவாயிலில் ஏற்கெனவே ஒரு சாய்தளம் இருக்கிறது. பக்கத்தில் மாற்றுத்திறனாளி சின்னமும் வரைந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். அவர் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது லாரியில சரக்கு ஏத்தற சரிவும்மா." உயரம் 45 செ.மீ., நீளம் 2.7 மீட்டர். அதாவது ஆறுக்கு ஒன்று. இருக்க வேண்டியதில் சரிபாதி நீளம்தான். சரியாகப் போட்டால் 5.4 மீட்டர் வரும். அவ்வளவு நீளம் போட்டால் சைக்கிள் ஸ்டாண்டில் போய் முட்டும்.

கீழ் முனையில் பைக் ஏறாமல் இருக்க மூன்று இரும்புக் குழாய்களை நட்டிருக்கிறார்கள். இடைவெளி 58 செ.மீ. பைக்காரர்கள் சுற்றிக்கொண்டு பார்சல் கேட் வழியாக உள்ளே வந்துவிடுகிறார்கள்.

நேற்றோடு இன்னொரு கெடுவும் முடிந்திருக்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்புச் சொன்னது. இப்போதுள்ள விதிகள் வெறும் ஆலோசனை போல இருக்கின்றன, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய அளவுகோல்களை மூன்று மாதத்துக்குள் வகுத்துக் கொடுங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவு. பார்வையற்ற ஒருவர் 2005ல் போட்ட வழக்கு அது. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கே அந்த வழக்கு அண்ணன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், ஊரே கோயிலில். நான் நாலாவது தெருவில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பையன் வீட்டுக்குப் போனேன். பையன் என்ன, 34 வயது, ஐ.டி. கம்பெனியில் வேலை. அவர் அம்மா சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்.

"நான் அந்த ஸ்டேஷனுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு ஆன்ட்டி" என்றார். ஆலந்தூர் வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ. மெட்ரோவில் பெட்டியும் நடைமேடையும் ஒரே மட்டம், உருட்டிக்கொண்டே உள்ளே போய்விடலாம். ஆட்டோவுக்கு மட்டும் ஒரு நாளைக்குப் போக வர 360 ரூபாய். மின்சார ரயிலில் மாதம் முழுக்கப் போய்வந்தாலும் அவ்வளவு ஆகாது.

டேப்பை நீட்டினேன். அவர் நாற்காலியின் அகலம் 66 செ.மீ. நான் குழாய் இடைவெளியைச் சொல்லும் முன்பே, "தெரியும். 58ஆ, 60ஆ?" என்றார்.

குழாயை எடுத்தால் பைக் ஏறுமே என்றேன். "பைக்காரனுக்கு ஃபைன் போடுங்க. அவன் பண்ற தப்புக்கு நான் ஏன் வெளியில நிக்கணும்?"

அப்புறம் ஒன்று சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகும் அதுவேதான் மனதில். "ஸ்டேஷன்ல நின்னு கணக்கெடுப்பாங்க ஆன்ட்டி. ஒரு நாள் பூரா பார்த்தாலும் ஒரு வீல்சேர்கூட வராது. இங்க தேவையே இல்லைன்னு எழுதிட்டுப் போவாங்க."

லிஃப்ட் வந்தால் பிரச்சினை தீருமா என்று கேட்டேன். பாலம் தீரும் என்றார். ஆனால் பெட்டியின் தரை நடைமேடையைவிட உயரம். நடைமேடை, தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. வரைதான். பெட்டி அதற்கும் மேலே ஒரு படி. வண்டி நிற்பதோ அரை நிமிஷம். "கடைசி ஒரு அடிக்கு நாலு பேர் தூக்கணும். தூக்கறவங்க நல்லவங்கதான். ஆனா என்னைக் கேக்காமயே தூக்கிடுவாங்க."

கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதை இன்றோடு விட்டுவிட்டேன். இனி வீடு வீடாகத்தான்.

பிப்ரவரி 15, சனி

ரயிலில் கைக்குட்டையும் சாவிக்கொத்தும் விற்கும் பார்வையற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். இந்தப் பாதையில் போகிற எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் இரண்டாவது நடைமேடையில் பிடித்தேன்.

மஞ்சள் டைல்ஸைப் பற்றிக் கேட்டேன். "செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க" என்றார். கழற்றினேன். வெயிலில் டைல்ஸ் சுட்டது. "என்ன இருக்கு காலடியில?" புள்ளி புள்ளியாக இருக்கிறது என்றேன். "நீட்டுக்கோடு இருந்தா போன்னு அர்த்தம். புள்ளி இருந்தா நில்லு, உஷார்னு அர்த்தம். இங்க ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் புள்ளியே ஒட்டி வச்சிருக்காங்க. நில்லு, நில்லு, நில்லுன்னே சொல்லிட்டிருக்கு. எங்க போறது?"

வேலைக்குப் போன காலத்திலிருந்து இந்த டைல்ஸ் மேல்தான் நடக்கிறேன். வழுக்காமல் இருக்கப் போட்டது என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965ல் கண்டுபிடித்தது. 1967 மார்ச்சில் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் முதலில் பதித்தார்கள்.

அண்ணன் எப்படித்தான் நடக்கிறார்? டீக்கடை வாசனை, டிக்கெட் கவுன்டர் மின்விசிறியின் கடகட சத்தம், கூரை முடிந்ததும் கன்னத்தில் விழும் வெயில். ஒரு இடத்தில் டைல்ஸ் பாதையிலேயே குப்பைத்தொட்டி நின்றது. குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 19, புதன்

இரண்டாவது தெருவில் தையல் யூனிட்டுக்குப் போகிற பெண், காது கேளாதவர். போனில் தட்டிக் காட்டினார்: "மைக்கில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. எல்லோரும் ஓடினால் நானும் ஓடுவேன். சில நாள் அவர்கள் ஓடியது வேற வண்டிக்கு."

எழுத்துப் பலகை ஒன்று இருக்கிறது. நுழைவாயிலில் மட்டும். நடைமேடை மாற்றத்தை மைக்கில்தான் சொல்வார்கள். இவர் எதிர்நடைமேடையில் நின்றுகொண்டு, ஓடுகிற கால்களைப் பார்த்து முடிவெடுக்கிறார். 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு மாற்றுத்திறனாளி என்றால் சக்கர நாற்காலி மட்டும்தான் ஞாபகம் வருகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கீரைக்கூடையோடு வரும் அக்காவுக்கு லிஃப்டில் கூடையை ஏற்றவிடுவார்களா என்பது மட்டும்தான் கவலை. நல்ல கேள்வி. எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இதுவரை 46 வீடு. சாப்பிடும்போது அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு 84.

"46 வீட்டுல இந்த வீடு சேர்த்தியா, இல்லையா?"

சேர்த்தி இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

கேட் மூடியதிலிருந்து அம்மா அந்தப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போகவில்லை. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும். ஆட்டோவில் போனால் மேம்பாலம் சுற்றி 3 கி.மீ. "இவ்வளவு கிட்ட இருக்கற சாமியைப் பார்க்க ஆட்டோவா" என்று விட்டுவிட்டாள்.

சரி, என்ன வேணும் சொல்லு என்று நோட்டை எடுத்தேன். லிஃப்ட் என்பாள் என்று பேனாவும் வைத்துவிட்டேன்.

"அந்தக் கல் பெஞ்சு இருக்கே, அதுக்குக் கைப்பிடி வைக்கச் சொல்லுடீ. உக்கார்ந்துடுவேன். எழுந்திருக்க எதைப் பிடிச்சுக்கறது?"

சாயங்காலம் நானே போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து பார்த்தேன். 61 வயது முட்டி இரண்டாவது முயற்சியில்தான் ஒத்துழைத்தது.

மார்ச் 2, ஞாயிறு

சங்கக் கூட்டம், இந்த முறை பூங்காவில். சக்கர நாற்காலிப் பையன் வந்தார். தையல் யூனிட் பெண் தங்கையோடு வந்தார், தங்கை சைகையில் சொல்லிக்கொண்டே இருந்தது. சாய்தளத்தை நீட்டினால் சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு வரிசை போகும் என்றதும் சண்டை. "ரெண்டு பேருக்காக 40 பேர் வண்டியை எங்க விடறது?" என்றார் பொருளாளர். பையன் ஒன்றும் சொல்லவில்லை. பொருளாளரின் மனைவிதான் பேசினார். "போன மாசம் உங்க அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சே, அவங்களை எந்த ஸ்டேஷன்ல இறக்கினீங்க?" தாம்பரத்தில் இறக்கிக் கார் வைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். தீர்மானம் நிறைவேறியது. பொருளாளர் வீட்டில் இன்று சாப்பாடு கிடைத்ததா என்று தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பொறியாளர் முழுதும் படித்தார், அதைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் இரண்டு, உறுதி. சாய்தளத்தைத் திரும்ப வரைகிறேன் என்றார். பெஞ்சுக் கைப்பிடிக்கு, "இது சின்ன வேலை மேடம், யாரும் கேட்டதே இல்லை" என்றார். கூடையைப் பற்றிக் கேட்டேன். லிஃப்ட் எல்லாருக்கும்தான், கூடைக்கும் சேர்த்து. எழுத்துப் பலகை வேறு டிபார்ட்மென்ட். பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு அடிக்கு உதட்டைப் பிதுக்கினார். மடக்குப் பலகை ஒன்றை ஸ்டேஷனிலேயே வைக்கலாமே என்று பையன் சொல்லியிருந்ததை எடுத்துச் சொன்னேன். "யார் எடுத்துப் போடுறது, அதுக்கு ஆள் வேணுமே" என்றார். மறுக்கவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.

குழாயைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் வெளியே வரும்போது நடுக்குழாயைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

லிஃப்டுக்குப் பள்ளம் தோண்டித் தகரம் அடைத்திருக்கிறார்கள். மஞ்சள் டைல்ஸைப் பெயர்த்து மறுபடி பதிக்கிறார்கள், இந்த முறை நீட்டுக்கோடு. பெஞ்சு அப்படியேதான் இருக்கிறது.

சனிக்கிழமை முதல் இந்தப் பாதையில் ஏ.சி. மின்சார ரயில் ஓடுகிறது. கைக்குட்டை அண்ணனைப் பார்த்தேன். வண்டி எப்படி என்றேன். "கதவு தானா மூடிக்குமாமே. அதுக்குள்ள மாட்டிக்கிட்டா அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் யார்கிட்ட விக்கறது?" என்றார். அதோடு நிற்கவில்லை, கோபமாக இருந்தார்.

"இங்க இருந்த குப்பைத்தொட்டியை எந்தப் புண்ணியவான் எடுத்தான்?"

நான்தான். டைல்ஸ் பாதையில் நிற்கிறது என்று துப்புரவுப் பணியாளரிடம் சொல்லி, போன வாரம் சுவரோரம் தள்ளி வைத்தேன். கடிதத்திலும் ஒரு வரி எழுதியிருந்தேன்.

"அதுல கோல் தட்டினா, அங்கேருந்து ஏழு அடியில ஊனமுற்றோர் பெட்டி வந்து நிக்கும். பன்னெண்டு வருஷமா அதுதான் எனக்கு அடையாளம். பெட்டியை விட்டுட்டு நாலு நாளா ஜெனரல்ல இடிபடறேன்."

அவரிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேட்டிருக்கலாமேக்கா" என்றார்.

இரண்டு பேருமாகத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தோம். டைல்ஸ் மேல் வேண்டாம், ஒரு முழம் தள்ளி, கோலுக்கு எட்டுகிற இடத்தில். அவர் மூன்று முறை நடந்து வந்து தட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றார். நகர்த்தினேன்.