டாய்மேன் பெட்டி: ஸ்பிரிங்கும் கொக்கியும் முடிந்தன, மூடி பாக்கி

சூப்பர்மேனின் பழைய எதிரிகளில் ஒருவன் டாய்மேன். இயற்பெயர் வின்ஸ்லோ ஷாட். டான் கேமரனும் எட் டோப்ரோட்காவும் உருவாக்கி, 1943 செப்டம்பரில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 64-ஆம் இதழில் அறிமுகமானான். உடல்பலம் கிடையாது. கடைசி நொடி வரை வெறும் விளையாட்டுச் சாமானாகவே தெரியும் பொம்மைதான் அவன் ஆயுதம். அந்தக் கடைசி நொடியைச் சரியாகப் பிடிப்பதற்காகவே வீட்டில் செய்யும் இந்தப் பெட்டி: கைப்பிடியைச் சுற்றினால் பாட்டு வரும், குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தில் மூடி திறந்து உள்ளே ஸ்பிரிங்கில் இருக்கும் டாய்மேன் தலை எகிறும்.

1978 கார்ட்டூனில் அவனுக்குக் கோமாளி வேஷம். 1996 அனிமேஷன் தொடரில் அசையாத சின்னப்பையன் பொம்மை முகம். இங்கே எடுத்துக்கொண்டது இரண்டாவது. சிரித்தபடியே உறைந்துபோன முகத்துக்கு எந்தக் கோமாளியும் ஈடாக மாட்டான்.

பெட்டியின் உள்ளளவு எல்லாப் பக்கமும் 13 செ.மீ. ஐந்து பக்கத்துக்கு 6 மி.மீ ப்ளைவுட், மியூசிக் பாக்ஸ் திருகும் பக்கத்துக்கு மட்டும் 3 மி.மீ. தடித்த பலகையில் திருகினால் அது அதிராது, பாட்டு அமுங்கிப்போகும்.

ஸ்பிரிங்கில்தான் பலரும் சறுக்குவார்கள். 1 மி.மீ பியானோ கம்பி போதும் என்று தோன்றும், போதாது. ஸ்பிரிங்கின் வலு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 1.5 மி.மீ கம்பி அதைவிட ஐந்து மடங்கு வலு தரும். சுருளின் விட்டம் 6 செ.மீ, 12 சுற்று, தளர்ந்த நீளம் 30 செ.மீ. இதைச் சுற்ற 40 மி.மீ பி.வி.சி குழாய் வேண்டும். கையை விட்டதும் கம்பி விரிந்து 60-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 60 மி.மீ குழாயிலேயே சுற்றினால் பெட்டிக்குள் அடங்காத அளவுக்கு விரிந்துவிடும். கம்பியின் நுனி சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும், கண்ணாடி போடாமல் தொடவே கூடாது.

சுற்றி முடித்த ஸ்பிரிங்கை 4.5 செ.மீ-க்கு அமுக்கினால் ஏறக்குறைய அரைக் கிலோ விசையோடு மூடியைத் தள்ளும். பின்பக்கக் கீல் பாதியைத் தாங்கிக்கொள்ளும், முன்பக்கக் கொக்கிக்கு 250 கிராம் அளவு வரும்.

மேலே போடும் துணியுறையின் நீளம் 27 செ.மீ. ஸ்பிரிங்கைவிட 3 செ.மீ குறைவாக இருப்பது வேண்டுமென்றேதான். அந்த இறுக்கம் இருந்தால்தான் எகிறிய தலை தொங்காமல் நிமிர்ந்து நிற்கும். வழவழப்பான சாட்டின் துணி நல்லது. சொரசொரப்பான காட்டன் சுருள்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

தலை 60 கிராமைத் தாண்டக்கூடாது. 7 செ.மீ தெர்மாகோல் உருண்டைமேல் மைதாப் பசையில் நாலு அடுக்கு செய்தித்தாள், ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் தொடும் பொருளுக்கு வேண்டாம். அக்ரிலிக் பெயின்ட்தான் அடிக்க வேண்டும். எனாமலில் இருக்கும் தின்னர் காகித இடுக்கில் இறங்கினால் தெர்மாகோல் கரைந்து கன்னம் குழிவிழும்.

இனி உயிர்நாடியான இடம். கொக்கியை விடுவிக்கும் ஊசியைக் கைப்பிடித் தண்டில் வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் மூடி திறக்கும். பாட்டு முழுதாக ஒருமுறை ஒலிக்க ஒரே ஒரு சுற்று சுற்றுவது மியூசிக் பாக்ஸின் முட்கள் பதித்த சிலிண்டர்தான், ஊசி அதில் இருக்க வேண்டும். இங்கே இருப்பது கையால் சுற்றும் 18 ஸ்வர மியூசிக் பாக்ஸ். சிலிண்டரின் பக்கவாட்டு முகத்தில், விளிம்பையொட்டி, 1 மி.மீ பித்தளைக் கம்பித் துண்டு ஊசியாக 3 மி.மீ நீட்டிக்கொண்டு நிற்கிறது. முதலில் வேண்டிய ஸ்வரத்தில் நிறுத்தி அடையாளம் வைத்து, அந்த இடத்து எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, அரால்டைட் வைத்து ஒட்ட வேண்டும். பசை சிலிண்டர் முட்களில் பட்டால் அந்த ஸ்வரம் போச்சு.

ஊசி நேராகக் கொக்கியைத் தள்ளினால் சிலிண்டர் திணறும், பாட்டு இழுக்கும். நடுவில் ஒரு நெம்புகோல் வேண்டும்: ஊசிப்பக்கம் 40 மி.மீ, கொக்கிப்பக்கம் 10 மி.மீ. ஊசி 4 மி.மீ தள்ளினால் கொக்கி 1 மி.மீ நகரும். ஆகவே கொக்கி மூடியைப் பிடிப்பதும் 1 மி.மீ-க்குள்தான் இருக்க வேண்டும், அதற்கு மேல் பிடித்தால் திறப்பதற்கு முன்பே ஊசி வழுக்கிப் போய்விடும். பிடிக்கும் முகம் சரியான செங்கோணத்தில் இருக்கட்டும். வெளிப்பக்கம் சாய்ந்தால் பாட்டின் நடுவிலேயே திறக்கும், உள்பக்கம் சாய்ந்தால் திறக்கவே திறக்காது. மரத்தோடு மரம் உரசினால் மழைக்காலத்தில் இறுகும் என்பதால் இரண்டு பக்கமும் பித்தளைத் தகடு, மேலே லேசாக மெழுகு. கொக்கியைத் திருப்பி இழுக்க ஒரு பேனா ஸ்பிரிங் போதும்.

மூடும்போது கொக்கி மாட்டாவிட்டால் பதறி அமுக்கக் கூடாது. ஊசி நெம்புகோலைத் தள்ளியபடி நிற்கிறது என்று அர்த்தம். கைப்பிடியைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மூடினால் சரியாகிவிடும்.

மூடி இப்போது முழு வேகத்தில் பின்னால் போய் அறைகிறது, இப்படியே விட்டால் கீல் திருகுகள் பிடுங்கிக்கொள்ளும். 100 டிகிரியில் நிறுத்த உள்பக்கம் ஒரு நாடா தைக்க வேண்டும். அதன் பிறகே வெளிப்பக்க பெயின்ட்.