கீழ்க்கரை நழுவாமல் நின்ற 40 நிமிடங்கள்

குழந்தையைச் சுமக்க ஒரு தோளில் போட்டு, இரண்டு வளையங்களில் கோத்து இறுக்கும் நீளத்துணிதான் ரிங் ஸ்லிங். மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த அதன் கீழ்க்கரை, அதாவது குழந்தையின் தொடைக்கு அடியில் வரும் துணி ஓரம், நேற்றுதான் முதல்முறையாக 40 நிமிடம் இடம் மாறாமல் நின்றது. மகளுக்கு 3 மாதம் முடிந்திருக்கிறது, எடை 5.5 கிலோ. அவளைச் சுமந்துகொண்டே வீட்டுக்குள் நடந்தேன், துணிகளை மடித்து அடுக்கினேன். கழற்றும்போது பார்த்தால், அவளுடைய முழங்கால்கள் கட்டிய நேரத்தில் இருந்ததைப் போலவே பிட்டத்தைவிட உயரத்தில் இருந்தன.

அதுவரை நடந்ததே வேறு. பத்து நிமிடம்கூட ஆகாது, அவள் கால்களை உதைத்து நீட்டுவாள், இருக்கையாக அமைத்த துணி தொடைக்கு அடியிலிருந்து சுருண்டு வெளியே வந்துவிடும். துணி தளர்ந்ததால்தான் இப்படி ஆகிறது என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் கீழ்க்கரையை மேலும் இறுக்கினேன். நோயே அதுதான் என்பது பிறகுதான் விளங்கியது. அவள் வயிற்றுக்கும் என் வயிற்றுக்கும் நடுவே தொப்புள் உயரம்வரை ஏற்றிவிட்ட துணிதான் அவளை ஏந்தி நிற்கிறது. கீழ்க்கரையை இழுத்தால், வளையங்களின் வழியே முதலில் உருவப்படுவதும் அந்தத் துணிதான். இப்போது கீழ்க்கரையை முழங்கால் மடிப்பிலிருந்து முழங்கால் மடிப்புவரை படியவைத்துத் தொய்வை மட்டும் எடுத்துவிட்டு, இறுக்கத்தை நடுப்பகுதிக்கும் மேல்கரைக்கும் கொடுக்கிறேன். ஒரு கையால் அவள் எடையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி, வளையங்களுக்கு வெளியே தொங்கும் முந்தானையைச் சிறு சிறு இழைப்பிடிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். எடை முழுவதும் துணியில் தொங்கும்போது எவ்வளவு பலமாக இழுத்தாலும் வளையத்துக்குள் துணி நகர்வதில்லை.

இன்னொரு குறையும் கூடவே இருந்தது. வளையங்களுக்குள் கொசுவம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டதால், மேல்கரை என்று நினைத்து நான் இழுத்தது கீழ்க்கரையாக இருந்திருக்கிறது. மேல்கரை ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு வரி தைத்த பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது.

இருக்கையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் என் முதுகுவலி மட்டும் அன்று. இருக்கை நழுவினால் குழந்தை கீழே சரிந்து முதுகு வளைகிறது, முகவாய் நெஞ்சில் அழுந்துகிறது. கழுத்து நிற்காத பருவத்தில் அவ்வளவே மூச்சுவழி அடைபடப் போதுமானது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் விடுத்த எச்சரிக்கையில், முந்தைய 20 ஆண்டுகளில் இத்தகைய ஸ்லிங்குகளோடு தொடர்புடைய குறைந்தது 14 இறப்புகள் குறிப்பிடப்பட்டன. அவற்றில் 12 பேர் 4 மாதம் நிரம்பாத குழந்தைகள். ஆகவே அவளைப் படுக்கைவாட்டில் வைப்பதே இல்லை. நிமிர்ந்த நிலையில், குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில், முகவாய்க்குக் கீழே இரண்டு விரல் நுழையும் இடைவெளியோடு, முகம் எப்போதும் என் கண்ணில் படும்படி வைத்துக்கொள்கிறேன். அவள் உறங்கிவிட்டால் இன்னும் அடிக்கடி பார்க்கிறேன்.

வளையங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் வாங்கிய ஜோடியில் ஒட்டுவாய் நகத்தில் தட்டுப்பட்டது, அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். குழந்தையின் எடையைத் தாங்கும் வளையத்தில் பற்றவைத்த இணைப்பு இருக்கவே கூடாது. ஸ்லிங்குக்கென்றே தயாரித்து எடைச் சோதனை செய்த அலுமினியம் அல்லது நைலான் வளையம்தான் வேண்டும்.

அடுத்து 4.6 மீட்டர் நெய்த துணியை வாங்கி, இரு தோளிலும் எடை பகிரும் முன்புறக் குறுக்குக் கட்டைப் பழக எண்ணியிருக்கிறேன். ஆனால் ரிங் ஸ்லிங்கே இன்னும் முழுமையாகக் கைவரவில்லை. அரை மணி நேரம் கடந்ததும் தோள் மடிப்பு கழுத்துப் பக்கம் ஏறி உறுத்துகிறது. நாளை வளையங்களைக் காறையெலும்புக்குச் சற்று மேலே வைத்துத் தொடங்கி, தோள்துணியைக் கைப்புறமாக விரித்துவிட்டுக் கட்டிப் பார்க்கப் போகிறேன்.