ஃபேஸ்லிஃப்ட், நெக்லிஃப்ட்: எதைத் தூக்குகிறார்கள், எதைத் தூக்க முடியாது

கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கட்டிலில் மல்லாந்து படுங்கள். நிற்கும்போது தாடையோரம் தெரிந்த தொங்கலும் கழுத்துச் சதையும் படுத்ததும் எவ்வளவு மறைகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவைத்தான் தொங்கும் முகத்தையும் கழுத்தையும் தூக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட், நெக்லிஃப்ட் அறுவை சிகிச்சைகள் மாற்றித் தரும். படுத்த பிறகும் அப்படியே நிற்கிற மேலுதட்டுக் கோடுகள், கண்ணுக்கடியில் கருமை, கன்னத்து மங்கு ஆகியவற்றுக்கு ஃபேஸ்லிஃப்ட் எதுவும் செய்யாது. லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு "கண்ணுக்குக் கீழே அப்படியேதான் இருக்கு" என்று வருந்துகிறவர்கள் முன்கூட்டி இந்தச் சோதனையைச் செய்து பார்க்காதவர்கள்.

முகம் தொங்குவது தோலில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. தோலுக்கு அடியில் கொழுப்பு, அதற்கும் அடியில் முகத் தசைகளைப் போர்த்திய நார்ப்படலம் இருக்கிறது. அறுவை அரங்கில் எல்லோரும் அதை ‘ஸ்மாஸ்’ என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் இறங்கியதும் இதே படலம் பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசையாகத் தொடர்கிறது. வயதாக ஆக இந்த அடுக்கு தளர்ந்து, கொழுப்பையும் தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தவர்கள் காதோரம் கொஞ்சம் தோலை வெட்டியெடுத்து இழுத்துத் தைத்தார்கள். கட்டில் நாடா தொய்ந்து கிடக்கும்போது மேல்விரிப்பை மட்டும் இழுத்துச் செருகினால் எத்தனை நாள் நிற்கும்? சில மாதங்களில் தோல் நெகிழ்ந்துவிடும், தழும்பு அகலமாகிவிடும், முகத்தில் காற்று அடித்தது போன்ற ஒரு இழுபட்ட தோற்றம் மட்டும் மிஞ்சும்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்கூக் 1974இல் தோலோடு அடிப்படலத்தையும் சேர்த்துத் தூக்கும் முறையை விவரித்தார். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் அந்தப் படலத்தை விரித்துக் காட்டி ஸ்மாஸ் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த முறைகள் எல்லாமே அதை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் வேறுபடுகின்றன. படலத்தை வெட்டாமல் மடித்துத் தைப்பது ஒன்று. காதுக்கு முன்னால் ஒரு கீற்றை வெட்டியெடுத்து இரு ஓரங்களையும் சேர்ப்பது இன்னொன்று. 2002இல் பெல்ஜியத்தில் டொன்னார், வெர்பேல் இருவரும் எழுதிய மேக்ஸ் லிஃப்டில் சிறிய வெட்டு வழியாகச் சுருக்குத் தையல் போட்டுச் செங்குத்தாகத் தூக்குகிறார்கள். இப்போது விளம்பரங்களில் அதிகம் அடிபடும் டீப் பிளேன் முறையை 1990இல் அமெரிக்காவின் ஹாம்ரா விவரித்தார். அதில் ஸ்மாஸுக்கு அடியில் புகுந்து, கன்ன எலும்போடு படலத்தைக் கட்டி வைத்திருக்கும் நார்களை விடுவித்து, தோலும் கொழுப்பும் படலமும் ஒரே துண்டாக நகர்த்தப்படுகின்றன. நார்களை விடுவித்தால் இழுக்காமலே நகரும். அதன் பலம் அதுதான். முக நரம்பின் கிளைகள் அந்தத் தளத்துக்குச் சற்று அடியில்தான் ஓடுகின்றன. அதன் ஆபத்தும் அதுதான்.

எது உசத்தி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், ஒரே முறையை வருடக்கணக்கில் செய்து கை பழகியவரிடம் மடிப்புத் தையல் போட்டுக்கொள்வது, போன வருடம் டீப் பிளேன் கற்றுக்கொண்டவரிடம் போவதைவிட மேல். ‘லஞ்ச் டைம் லிஃப்ட்’, ‘வீக்எண்ட் லிஃப்ட்’ போன்றவை கடை வைத்த பெயர்கள். அப்படி ஏதாவது சொன்னால், எந்த அடுக்கை எங்கே நங்கூரம் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் தோலை மட்டும்தான் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெட்டு எங்கே போகிறது என்பதை அறுவைக்கு முன்பே பேனாவால் வரைந்து காட்டச் சொல்வது நல்லது. நெற்றிப்பொட்டுப் பகுதியில் முடிக்குள்ளே போனால் தழும்பு மறையும், ஆனால் முடிக்கோடு பின்னுக்கு ஏறும். கண்ணோரத்துக்கும் முடிக்கும் இடைவெளி ஏற்கனவே அகலமாக இருந்தால் முடிக்கோட்டை ஒட்டி வெளியில் வெட்டுவதே சரி. காதின் முன்புறச் சின்ன மேட்டுக்குப் பின்னால் வெட்டை ஒளிப்பது பெண்களுக்குப் பொருந்தும். ஆண்களுக்கு அப்படிச் செய்தால் தாடி முளைக்கும் தோல் மேட்டின்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும், தினமும் காதைச் சவரம் செய்ய வேண்டிவரும். அதனால் அவர்களுக்கு மேட்டுக்கு முன்னால் உள்ள மடிப்பில்தான் வெட்டு. காதுக்குப் பின்னால் பள்ளத்தில் ஏறி முடிக்குள் நுழையும் பகுதியில் இரு ஓரங்களையும் பொருத்தாமல் தைத்தால் முடிக்கோடு படிக்கட்டுபோல உடைந்து தெரியும். கொண்டை போடுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை.

காதுமடலின் கீழ் நுனியில்தான் கைத்திறன் தெரியும். எல்லா இழுவிசையையும் ஸ்மாஸ் தாங்க வேண்டும், தோல் அங்கே சும்மா படிந்து உட்கார வேண்டும். அவசரப்பட்டு இரண்டு மில்லிமீட்டர் அதிகமாகத் தோலை வெட்டிவிட்டால், ஆறும் தழும்பு நுனியைக் கீழ்நோக்கி இழுத்துக் கன்னத்தோடு ஒட்டிவிடும். மடலின் உருண்டை போய், காது கூராக நீண்டு தெரியும். தோடு போட்டாலும் மறையாது, ஜிமிக்கி போட்டால் இன்னும் கண்ணில் படும். திருத்துவதற்குக் குறைந்தது ஆறு மாதம் காத்திருந்து, தழும்பு இளகிய பிறகுதான் கை வைக்க வேண்டும். பாரத் தோடுகளால் கிழிந்த காதுத்துளையை இதே அறுவையில் சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம். புதிய துளையைச் சில மாதம் கழித்து, தழும்புக் கோட்டை விட்டுச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும்.

கழுத்துக்கு வருவோம். நம் ஊர் முகங்களில் முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான். நிறமி அதிகமுள்ள, தடித்த தோலில் மெல்லிய சுருக்கங்கள் தாமதமாகத்தான் விழும். அதற்குப் பதிலாகக் கனம் கீழே இறங்கி, நாடிக்கடியில், அதாவது முகவாய்க்குக் கீழே சேரும்.

நாடிக்கடியில் தெரிகிற புடைப்பு எல்லாம் ஒன்றல்ல. சதையை இரு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து ‘ஈ’ என்று கழுத்தை இறுக்குங்கள். விரலுக்குள் அதே தடிமன் இருந்தால் கொழுப்பு தசைக்கு மேலே இருக்கிறது. விரலை விட்டு உள்ளே நழுவினால் தசைக்கு அடியில் இருக்கிறது. மேலே உள்ளதை, தோல் இன்னும் துள்ளலாக இருக்கும் வயதில், சில மில்லிமீட்டர் வெட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சினாலே போதும். தோல் தளர்ந்தவர்களுக்கு அதையே செய்தால் காலிப்பை தொங்கும். அடியில் உள்ளதை எடுக்க நாடி மடிப்புக்குச் சற்றுப் பின்னால் சுமார் மூன்று சென்டிமீட்டர் வெட்டு வேண்டும். மடிப்பிலேயே வெட்டினால் மறையுமே என்று தோன்றும், ஆனால் பள்ளம் இன்னும் ஆழமாகிவிடும். அந்த வெட்டு வழியாகவே பிளாட்டிஸ்மாவின் இரு ஓரங்களையும் நடுவில் கொண்டுவந்து தைப்பார்கள். பேசும்போது கழுத்தில் கயிறுபோல எழும்பும் இரண்டு பட்டைகள் அந்த ஓரங்கள்தான்.

கொழுப்பை வழித்து எடுப்பதில் பேராசை கூடாது. தசைக்கடிக் கொழுப்பை அளவுக்கு மீறி நடுவில் எடுத்துவிட்டால், இருபுறமும் மேடும் நடுவில் குழியுமாகப் படமெடுத்த பாம்பின் கழுத்து போலாகிவிடும். தோலை ஒட்டிய கொழுப்பை மொத்தமாகச் சுரண்டினால் தோல் தசையோடு ஒட்டிக்கொண்டு, விழுங்கும்போதெல்லாம் சுருங்கி இழுக்கும். தாடைக்கடி உமிழ்நீர்ச் சுரப்பி பெரிதாக இருந்து புடைத்தால் சிலர் அதையும் கொஞ்சம் செதுக்குகிறார்கள். அழகு கூடும், கூடவே உள்ளே உமிழ்நீர் தேங்கும் ஆபத்தும், ஆழத்தில் இரத்தம் கசியும் ஆபத்தும் கூடும். முதல்முறை செய்துகொள்கிறவர்களுக்கு இது தேவையா என்று இரண்டு முறை யோசிக்கலாம்.

எலும்பு விதித்த எல்லையும் உண்டு. தொண்டையில் உள்ள ஹயாய்டு எலும்பு இயல்பிலேயே கீழே அமைந்தவர்களுக்குக் கழுத்துக் கோணம் கூர்மையாகாது, யார் செய்தாலும் சரி. நாடி உள்வாங்கியவர்களுக்கு நாடி எலும்பை நகர்த்துவதோ சிலிக்கான் துண்டு வைப்பதோ சேர்ந்தால்தான் கழுத்து தெளியும்.

இமை அறுவையை இதே மேசையில் சேர்த்துச் செய்வது வழக்கம். மேலிமையில் எவ்வளவு தோலை எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விடுகிறோம் என்பதே முக்கியம். புருவத்தின் கீழ்விளிம்புக்கும் இமை விளிம்புக்கும் நடுவே ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தோல் மிஞ்சாவிட்டால் கண் மூடாது. இமை அறுவைக்குப் பின் ஒரு கண்ணில் மட்டும் கடும் வலியும் பார்வை மங்கலும் வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்கியிருக்கலாம், பார்வை போவதற்குள் மணிக்கணக்கில் அவகாசம் கிடையாது.

நூல் கோர்த்துத் தூக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிடிஓ நூல் சில மாதங்களில் கரைந்துவிடும், தூக்கலும் அதோடு போகும். கனத்த கன்னத்தை அது தாங்காது. வயிற்றிலோ தொடையிலோ கொழுப்பெடுத்துக் கன்னப் பள்ளத்தில் நிரப்புவது அதைவிட உருப்படியான துணை வேலை. போட்டதில் ஒரு பங்கு கரைந்துபோகும் என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

இனி, கெட்டுப்போகும் இடங்கள். முதலாவது, இரத்தக்கட்டு. ஃபேஸ்லிஃப்டில் அடிக்கடி நேரும் சிக்கல் இதுதான். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், ஏனெனில் தாடி வளரும் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடுதல். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். அறிகுறி தெளிவானது: இந்த அறுவையில் பெரிய வலி இருக்காது, இருந்தாலும் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போய், கன்னம் கல்லாக இறுகி, நோயாளி நிலைகொள்ளாமல் தவித்தால், வலி ஊசி போட்டுத் தூங்கவைப்பது தப்பு. கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் கட்டியிருந்தால் தையலைப் பிரித்து இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். தாமதித்தால் மேல்தோல் கருகும், கழுத்தில் தேங்கினால் மூச்சுக்குழாயே நெரியும். வடிகுழாய் போட்டிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அது கசிவை வடிக்குமே தவிர இரத்தக்கட்டைத் தடுக்காது. தடுப்பது இரத்த அழுத்தக் கட்டுப்பாடுதான். வாந்தி, இருமல், முட்டிக்கொண்டு நிற்கும் சிறுநீர், பயம் எல்லாமே அழுத்தத்தை ஏற்றும். அதனால் வாந்திக்கு முன்கூட்டியே மருந்து போடுவார்கள், அழுத்தத்தை இரவு முழுக்கப் பார்ப்பார்கள். இரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் பயன்பாடும் இப்போது பரவலாகிவிட்டது.

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை ஆகியவற்றை வழக்கமாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரசத்தில் போடும் பூண்டு இதில் சேராது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தவே கூடாது. இதய மருத்துவர் சரி என்று சொல்லாதவரை அவருக்கு இந்த அறுவை வேண்டாம்.

இரண்டாவது, தோல் கருகுவது. காதுக்குப் பின்னால் உள்ள தோல்தான் இரத்த ஓட்டத்தின் கடைசி எல்லை, அங்கேதான் முதலில் கருக்கும். புகைக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து ஏறக்குறைய 12 மடங்கு என்று 1984இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சிகரெட்டை விட்டுவிட்டு நிக்கோடின் சூயிங்கம் மென்றாலும், பீடிக்குப் பதில் புகையிலை போட்டாலும் பயனில்லை. இரத்தக்குழாயைச் சுருக்குவது நிக்கோடின். முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரம் முழு விலக்கு வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் தள்ளிப்போடத்தான் வேண்டும்.

மூன்றாவது, நரம்பு. எல்லோரும் பயப்படுவது வாய் கோணிவிடுமோ என்று. முக நரம்புக் கிளைகளில் நெற்றிக் கிளையும் தாடைவிளிம்புக் கிளையும்தான் கவலைக்குரியவை. நிரந்தர முடக்கம் அரிது. அறுவை முடிந்த அன்று வாய் ஒரு பக்கம் அசையாவிட்டால், மரப்பு மருந்தின் வேலையாக இருக்கலாம். அது சில மணி நேரத்தில் தெளியும். நரம்பு நசுங்கியிருந்தால் வாரக்கணக்கிலோ சில மாதங்களிலோ திரும்பும். உண்மையில் அதிகம் காயப்படுவது காதுக்கு உணர்ச்சி தரும் பெரிய காது நரம்பு. ஒலி நுழையும் காதுத்துவாரத்துக்கு ஆறரை சென்டிமீட்டர் கீழே, கழுத்துப் பெருந்தசையின் நடுவில் மேலோட்டமாகக் கடக்கிறது. அது அறுந்தால் காதுமடல் மரத்தே போகும். அறுபடாவிட்டாலும் சில மாதங்கள் கன்னமும் காதும் மரத்திருக்கும். அந்த நாட்களில் ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்துத் தலை காயவைத்தால் தோல் வெந்தது தெரியாது.

வீட்டுக்கு வந்தபின் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்திப் படுக்க வேண்டும், ஆனால் தலையணையை அடுக்கி நாடி நெஞ்சைத் தொடும்படி அல்ல. கழுத்து மடிந்தால் தைத்த கோணமே கெட்டுவிடும். வடிகுழாயை ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். காதின் முன்தையல் 5 முதல் 7 நாளில், முடிக்குள் உள்ளது சுமார் 10 நாளில் பிரிப்பார்கள். எண்ணெய் தேய்த்துச் சிகைக்காய் போட்டு அழுத்திக் குளிப்பதையும் ஹேர் டையையும் மாதம் ஒன்று தள்ளிவையுங்கள். வீக்கமும் கன்றலும் இரண்டு மூன்று வாரத்தில் வெளியே போகிற அளவுக்கு வடியும். மகன் கல்யாணத்துக்காகச் செய்துகொள்கிறவர்கள் மூன்று மாத இடைவெளி விட்டுத் தேதி வாங்குவது புத்திசாலித்தனம். நம் தோலில் தழும்பு கருப்பதும் காதின் பின்னால் தடிப்பதும் சகஜம். சன்ஸ்கிரீனும் சிலிக்கான் ஜெல்லும் மாதக்கணக்கில் வேண்டும். காது குத்திய இடத்திலேயே கீலாய்டு (அளவுமீறித் தடித்து வளரும் தழும்பு) வந்தவர்கள் முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

செய்பவரின் பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு நிகரான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்ற பலகை எதையும் நிரூபிப்பதில்லை. முழு நேரமும் மயக்க மருத்துவர் உடனிருப்பாரா, இரவு இரண்டு மணிக்குக் கன்னம் வீங்கினால் தையலைப் பிரிக்க யார் வருவார் என்பதையும் கேளுங்கள். வெறும் அழகுக்காகச் செய்வதை மருத்துவக் காப்பீடு ஏற்காது, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. அவர்கள் சொல்லும் தொகையில் அந்த வரி, மயக்க மருத்துவர் கட்டணம், ஓர் இரவு தங்கல், இரத்தக்கட்டு வந்தால் மறுபடி அரங்குக்குப் போகும் செலவு எல்லாம் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.