சூடானதும் இழுக்காத பழைய கார்: முதலில் பெட்ரோல் பிரஷரை அளந்து பாருங்கள்

பழைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார் காலையில் நன்றாக ஓடி, சூடேறியதும் மேட்டில் திணறுகிறதா? பிளக், சென்சார் என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள். வந்து வந்து போகும் கோளாறை, அது வரும்போது அளந்தால்தான் பிடிக்க முடியும்.

பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் ஃப்யூயல் பிரஷர் கேஜைக் கசிவில்லாமல் இணைத்து, முன்கண்ணாடிக்கு வெளிப்பக்கம், உள்ளிருந்து தெரியும்படி கட்டுங்கள். ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் முள்ளைப் பார்க்கட்டும். பல வண்டிகளில் சுமார் 3 பார் இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) சரியாக நின்று, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்ததும் சரிந்தால் ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப் பலவீனம். டேங்க் மூடியைத் திறந்ததும் காற்றை உறிஞ்சும் சத்தம் வந்து இழுவை திரும்பினால், டேங்குக்குள் காற்று போகும் வழியான வென்ட் அடைத்திருக்கிறது.

பம்பை மாற்றும் முன் ஒரு வேலை கட்டாயம். பம்ப் ஓடும்போது அதன் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு எர்த் வழியில்தான்; பெரும்பாலும் குற்றவாளி துருப்பிடித்த அல்லது தளர்ந்த இணைப்பு. இதைப் பார்க்காமல் நல்ல பம்புகள் வீணாகக் கழற்றப்படுவது மனசுக்குக் கஷ்டம்.

பிரஷர் அசையாமலே இழுவை போனால் இக்னிஷன் பக்கம் வாருங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், இன்ஜின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரையும் அதன் வயரிங்கையும் முதலில் சோதியுங்கள்.