பத்தைப் பதினொன்றாக்கிய தாள்

“தப்புன்னா எதிராளி வந்து சொல்லட்டுமே. நாமே எதுக்கு நம்ம தாளை எடுத்துப் போடணும்?”

2014 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. வேட்பாளருக்கான கையெழுத்து மனுவைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் வியாழக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) எங்களுக்காகக் கையெழுத்து வாங்கிய ஒரு வயதான அம்மா தொலைபேசியில் இதைக் கேட்டார். நான் சொன்ன பதிலில் பிழை இல்லை என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

நியூயார்க்கில் பதவியில் இருக்கும் ஆளுநரைச் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்த்து பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரை அதன் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில் நிற்க, கட்சி மாநாட்டு ஆதரவு இல்லாதவர் 15,000 கையெழுத்து கொண்டுவர வேண்டும். மொத்தம் சேர்ந்தால் மட்டும் போதாது. அன்று இருந்த 27 காங்கிரஸ் தொகுதிகளில் பாதியிலாவது தொகுதிக்கு நூறு பேர் இருந்தாக வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் அந்தக் கட்சியில் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். அதே பதவிக்கு இன்னொருவருக்கு முன்பே போட்டிருந்தால், முதலில் போட்டதுதான் செல்லும். இத்தனைக்கும் 37 நாள்தான். அன்றைய ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை எதிர்த்து நின்ற செஃபர் டீச்சவுட்டுக்காக அந்தக் கோடையில் ஊர் ஊராக வந்து குவிந்த தாள்களை வரி வரியாகப் பார்ப்பது என் வேலை.

அந்த அம்மாவின் தாளில் பதினோரு வரி. ஒவ்வொன்றிலும் தேதி, கையெழுத்து, வீட்டு முகவரி, ஊராட்சிப் பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒன்பதாவது வரியில் கை நடுங்கும் யாரோ போட்ட கையெழுத்து. அதற்கு எதிரே, ஊர் என்ற கட்டத்தில், ‘ஷாண்டேக்கன்’ என்று அந்த அம்மாவின் திருத்தமான எழுத்து. அந்த மனிதர் இருப்பது ஃபினீஷியா. அங்குள்ளவர்கள் வழக்கமாக ‘ஃபினீஷியா’ என்றுதான் எழுதுவார்கள். ஆனால் அது ஒரு குக்கிராமத்தின் பெயர், தபால் நிலையத்தின் பெயர். அன்று சட்டம் கேட்டது அது அடங்கிய டவுனின் (ஊராட்சியின்) பெயரை, அதாவது ஷாண்டேக்கனை. தபால் முகவரியை எழுதினால் அந்த வரி போய்விடும். மாநிலத்தின் வடபகுதியில் நல்ல கையெழுத்துகள் அதிகம் வீணானது இந்தக் கட்டத்தில்தான். முகவரியையும் டவுன் பெயரையும் கையெழுத்துப் போட்டவரே எழுத வேண்டும் என்பதில்லை, வாங்குகிறவரும் நிரப்பலாம். பயிற்சியில் நான் சொன்னதை அவர் அப்படியே செய்திருந்தார்.

சிக்கல் தாளின் அடியில் இருந்தது. அங்கே சாட்சி வாக்குமூலம் வரும். “இந்தத் தாளில் இத்தனை கையெழுத்துகள், எல்லாம் என் கண்முன்னே போடப்பட்டவை” என்று கையெழுத்து வாங்கியவர் எழுதித் தர வேண்டும். அவர் முதலில் 10 என்று எழுதியிருக்கிறார். பிறகு எண்ணிப் பார்த்து, பூஜ்யத்தின் மேலேயே அழுத்தி ஒன்று போட்டு 11 ஆக்கியிருக்கிறார். பக்கத்தில் இனிஷியல் இல்லை.

தவறான 10-ஐ அப்படியே விட்டிருந்தால் கூடுதலாக இருந்த ஒன்று மட்டும் கழிந்து, பத்துப் பேர் நின்றிருப்பார்கள். சாட்சி வாக்குமூலத்தில் இனிஷியல் இல்லாமல், விளக்கமும் இல்லாமல் திருத்தம் இருந்தால் முழுத் தாளையும் செல்லாது என்று நியூயார்க் நீதிமன்றங்கள் தள்ளியிருக்கின்றன. எண்ணைச் சரியாக்க நினைத்தவருக்குப் பதினோரு பேரும் போகிறார்கள். இதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சுற்றி வளைத்துத்தான் சொன்னேன்.

“அப்ப நீங்களே என் இனிஷியலைப் போட்டுடுங்க. நான்தான் சொல்றேனே” என்றார்.

முடியாது என்றேன். இந்தப் பதிலில் மட்டும் எனக்கு இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை. அந்த வாக்குமூலம் சத்தியப் பத்திரத்துக்குச் சமம். வேட்பாளர் தரப்பில் யாராவது பொய்யாக ஒரு எழுத்துப் போட்டாலும் அது மோசடி. மோசடி என்று ஆகிவிட்டால் ஒரு தாளோடு நிற்காது, மொத்த மனுவையும் இழுத்துக்கொண்டு போகும்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. எதிராளி சொல்லட்டுமே.

சட்டம் அவர் பக்கம் இருந்தது. மேலோட்டமாக ஒழுங்காகவும் தேவையான எண்ணிக்கையோடும் இருக்கிற மனு செல்லும் என்றுதான் தேர்தல் வாரியம் எடுத்துக்கொள்ளும். தானாக வரி வரியாகப் பார்க்காது. ஆட்சேபிக்கிறவர் தாக்கலுக்குப் பிறகு மூன்று நாளுக்குள் பொது ஆட்சேபணை கொடுத்து, அதற்கடுத்த ஆறு நாளுக்குள் எந்தத் தாள், எந்த வரி, என்ன குறை என்று பட்டியல் போட வேண்டும். யாரும் சுட்டாத குறை குறையே இல்லை. நேர்மையாக நடந்த ஒரு பிழை மற்ற தாள்களுக்குத் தொற்றவும் செய்யாது. அந்தத் தாளை உள்ளே வைத்திருந்தால் அதிகபட்ச நஷ்டம், நாங்கள் எப்படியும் இழக்கப்போகிற அந்தப் பதினொன்றுதான்.

இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நான் சொன்னது: “ஒரு தாளில் ஓட்டை தெரிஞ்சா மத்த தாளையும் அந்தக் கண்ணோடதான் பார்ப்பாங்க.”

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆட்சேபணை எழுதுகிற வக்கீல் முதல் கட்டில் பத்துத் தாளைப் புரட்டுவார். எளிதாகக் குறை கிடைத்தால் முழுவதையும் பார்க்க ஆள் போடுவார், கிடைக்காவிட்டால் வேறு வழி தேடுவார். பணமில்லாத வேட்பாளருக்கு மனுவைக் காப்பாற்றும் வழக்கே பிரசாரத்தைத் தின்றுவிடும். தாளைச் சுத்தமாக வைப்பது அந்தச் செலவுக்கு முன்கூட்டியே போடும் அணை. இப்படி எழுதும்போது நான் செய்தது சரி என்றே படுகிறது.

இன்னொரு நாள் வேறு மாதிரி படுகிறது. ஆளுநரின் வக்கீல் செய்ய வேண்டிய வேலையை அவருக்கு முன்னால் நானே உட்கார்ந்து செய்து முடித்தேன். அந்த ஒன்பதாவது வரி மனிதரை முதலில் தள்ளியது அரசாங்கமும் இல்லை, எதிராளியும் இல்லை. அவர் யாருக்காகக் கையெழுத்துப் போட்டாரோ அந்தத் தரப்புதான்.

பயிற்சியில் இனிஷியலைப் பற்றிச் சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு. டவுன் பெயரைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன், அது நிச்சயம்.

தாக்கலானவை சுமார் 45,000 கையெழுத்துகள். தேவையைப் போல மூன்று மடங்கு. நீதிமன்றத்தில் பெரிதாக நடந்த சண்டை வேறு விஷயத்துக்கு: தேர்தலுக்கு முந்தைய ஐந்து வருடமும் டீச்சவுட் நியூயார்க்கில் குடியிருந்தாரா என்பதற்கு. வெர்மான்ட் ஓட்டுநர் உரிமம், வாடகை வீடுகள் என்று விசாரித்து, ஆகஸ்டில் அவர் பக்கம் தீர்ப்பானது. எங்கள் தாள்கள் சுத்தமாக இருந்ததால்தான் எதிராளி குடியிருப்பைப் பிடித்தாரா, இல்லை எப்படியும் அதைத்தான் பிடித்திருப்பாரா? இதற்கு விடை கிடைக்காது.

செப்டம்பர் 9 பிரைமரியில் ஆண்ட்ரூ குவோமோ 62 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். டீச்சவுட்டுக்கு 34 அளவில். அல்ஸ்டர் கவுண்டியில் அவர்தான் முந்தினார். அந்தப் பகுதியில் வீடு வீடாகப் பேசப்பட்டது ஃபிராக்கிங், அதாவது நிலத்தடிப் பாறையை உடைத்து எரிவாயு எடுப்பது; அதே டிசம்பரில் குவோமோ அரசு அதற்குத் தடை அறிவித்தது. கட்சி மாறிப் பதிவு செய்து வாக்களிக்க விரும்பியவர்களுக்கு முந்தைய அக்டோபரிலேயே கதவு மூடியிருந்தது. டீச்சவுட் நிற்பார் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அதே ஆகஸ்டில் ஹவாயில் டேவிட் ஈகே என்ற மாநில செனட்டர், ஒபாமாவின் ஆதரவு பெற்ற ஆளுநர் நீல் அபர்கிராம்பியைச் சொந்தக் கட்சி பிரைமரியில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார். அங்கே ஆளுநர் வேட்புமனுவுக்குத் தேவை 25 கையெழுத்து. எந்தக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடுவது என்பதை வாக்காளர் அன்றைக்கே முடிவு செய்யலாம். ஹவாயில் 25 பேர் ஒரு மனு, எங்களிடம் பதினோரு பேர் ஒரு கழிவுத் தாள் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். அது நியாயமான ஒப்பீடு இல்லை, தெரியும். ஈகே ஜெயித்ததற்கு வேறு பல காரணங்கள் உண்டு.

மாநில அளவிலான மனுவை மாநிலத் தலைநகர் ஆல்பனியில்தான் கொடுக்க வேண்டும். தாள்களைக் கட்டி, அடியில் வரிசையாக எண் போட்டு, பெட்டிகளில் அடுக்கி நியூயார்க் நகரத்திலிருந்து த்ரூவே நெடுஞ்சாலையில் வடக்கே போனோம். கடைசிக் கட்டில் கடைசி எண்ணுக்குப் பிறகு இன்னும் தாள் சேர்க்க இடம் இருந்தது. இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு பலகை வந்தது: கிங்ஸ்டன், 19-ஆவது வெளிவழி. அல்ஸ்டர் கவுண்டியின் தலைநகர். அந்த அம்மாவின் வீடு அங்கிருந்து பதினைந்து நிமிடம்.

சாட்சி தன் கையால் இனிஷியல் போட, தாக்கலாகும் நிமிடம்வரை நேரம் உண்டு. சமையலறை மேஜையில் தாளை வைத்தால் இரண்டு எழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? செவ்வாய்க்கிழமை போனில் சட்டத்தை அவ்வளவு நேரம் விளக்கினேன், எந்த வழியாகப் போகிறோம் என்பது ஒரு தடவைகூட வாயில் வரவில்லை. அவருக்கும் தோன்றவில்லை, ஆனால் பெட்டி எப்போது, எப்படிப் போகும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும்.

தாள் நகரத்தில், என் மேஜையின் இடது பக்கம், ‘வேண்டாம்’ என்று எழுதிய உறைக்குள் இருந்தது. வண்டி 19-ஐத் தாண்டிப் போனது.